தக்கை திருகி தகராறு செய்கிறதா? அறிகுறியைக் கொண்டு குறையைக் கண்டறியும் வழி

ஒயின் பாட்டிலின் தக்கை பாதியில் முறிந்துவிட்டால், திறந்தவர் தன் கையை நொந்துகொள்கிறார். இல்லையென்றால் தக்கை மட்டமானது என்கிறார். இரண்டும் சில சமயம் உண்மைதான். ஆனால் அதே பெட்டியிலிருந்த அடுத்த பாட்டிலை வேறொரு திருகியால் திறக்கும்போது தக்கை முழுதாக எழுந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். குறை பெரும்பாலும் கருவியின் அளவுகளில் இருக்கிறது. அது எந்த அளவு என்பதை வெளியே வந்த தக்கையே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் உடைந்த தக்கையைக் குப்பையில் போடாதீர்கள். மேசையில் வைத்துப் பாருங்கள்.

புதிதாகத் திருகி வாங்குபவருக்கும், உணவகத்தில் தினமும் பாட்டில் திறப்பவருக்கும், பட்டறையில் புதிய மாதிரி செய்து பார்ப்பவருக்கும் இந்த வழிமுறை பொருந்தும். ஷாம்பெயின் போன்ற நுரைக்கும் ஒயினுக்கு மட்டும் பொருந்தாது. அந்த பாட்டிலுக்குள் வளிமண்டலத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு அழுத்தம் இருக்கும். அதில் திருகியை இறக்கவே கூடாது.

கழுத்துக்குள் என்ன நடக்கிறது?

வழக்கமான இயற்கைத் தக்கையின் விட்டம் 24 மி.மீ. பாட்டில் வாயின் உள்விட்டமோ சுமார் 18.5 மி.மீ.தான். அடைக்கும் இயந்திரம் தக்கையை 16 மி.மீ. அளவுக்கு நசுக்கி உள்ளே தள்ளுகிறது. உள்ளே போனதும் தக்கை விரிந்து கண்ணாடியைச் சுற்றிலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியை வென்று தக்கையை நேராக இழுக்க, தக்கையின் தரத்தையும் மேற்பூச்சையும் பொறுத்து 200 முதல் 400 நியூட்டன் வரை விசை வேண்டும். 20 முதல் 40 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம் அது.

நல்ல திருகிக்கு மூன்று அச்சுகள் உண்டு: தக்கையின் அச்சு, அதற்குள் இறங்கும் கம்பிச் சுருளின் அச்சு, இழுக்கும் விசையின் அச்சு. மூன்றும் ஒரே கோட்டில் நின்றால் தக்கை அமைதியாக வெளியே வரும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்று விலகுவதால் வருபவை. மற்றவை உராய்வைச் சரியாகக் கையாளாததால் வருபவை.

அறிகுறி: தக்கையின் நடுப்பகுதி மட்டும் துருவிக்கொண்டு வருகிறது, ஓரம் பாட்டிலிலேயே நிற்கிறது

சுருளைத் தக்கையிலிருந்து கழற்றி, கீழிருந்து மேலாக அதன் நடுவே பாருங்கள். ஒரு தீக்குச்சியை அதன் நடுவே செருகிப் பாருங்கள். தடையில்லாமல் போனால் அது திறந்த சுருள். நடுவில் தண்டு இருந்து, அதைச் சுற்றிப் புரி வெட்டப்பட்டிருந்தால் அது மரத்தில் துளை போடும் துரப்பணத்தின் வடிவம். மரத்தில் ஓட்டை போடுவதற்காக உருவான வடிவத்தை, ஓட்டை விழக்கூடாத இடத்தில் பயன்படுத்துகிறோம். நடுத்தண்டு தக்கையின் செல்களை நசுக்கிக்கொண்டு இறங்குகிறது. கூரான புரி விளிம்பு சுற்றியுள்ளதை அறுக்கிறது. இழுக்கும்போது அறுபட்ட உருளை மட்டும் தனியாக வந்துவிடுகிறது.

திறந்த சுருளில் கம்பியின் உள்ளே இருக்கும் தக்கையும் வெளியே இருக்கும் தக்கையும் சுற்றுகளுக்கு நடுவே ஒட்டியே இருக்கின்றன. நடுப்பகுதி பிய்ந்து வர வேண்டுமானால், சுருளின் வெளிவிட்ட அளவுள்ள உருளைப் பரப்பு முழுவதும் ஒரேயடியாகக் கிழிய வேண்டும். 9 மி.மீ. வெளிவிட்டமும் 40 மி.மீ. நீளமும் உள்ள சுருளுக்கு அந்தப் பரப்பு சுமார் 1,130 சதுர மி.மீ. நீளத்தை 30 மி.மீ. ஆகக் குறைத்தால் அது 850க்கும் கீழே போய்விடும். பத்து மில்லிமீட்டர் கம்பியை மிச்சப்படுத்தப் போய் பிடிமானத்தில் கால் பங்கை இழக்கிறோம்.

அப்படியானால் சுருளை இன்னும் அகலமாகச் செய்யலாமே என்று தோன்றும். கழுத்தின் ஆரம் 9.25 மி.மீ. 9 மி.மீ. சுருளுக்கு வெளியே நாலே முக்கால் மி.மீ. சுவர் மிஞ்சுகிறது. சுருளை 12 மி.மீ. ஆக்கினால் மூன்றே கால்தான் மிஞ்சும். கொஞ்சம் சாய்ந்தாலும் கம்பி கண்ணாடியைத் தொட்டுவிடும். வெளிவிட்டம் 8 முதல் 10 மி.மீ., குறைந்தது ஐந்து சுற்று, உருண்டையான வழவழப்பான கம்பி என்பதே என் சிபாரிசு. கம்பியின் பக்கவாட்டில் கத்தி போன்ற விளிம்பு எங்கும் இருக்கக் கூடாது. கூர்மை முனையில் மட்டும் போதும்.

இரண்டு பக்கமும் கை தூக்கும் இறக்கை வகைத் திருகியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டொமினிக் ரோசாட்டி என்பவர் 1930இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வாரிசுகள்தான் இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலானவை. பல்சக்கரம் போல இருபுறமும் ஒரே அளவு நெம்புவதால் அது தக்கையை நேர்கோட்டில் இழுக்கிறது. அந்த அமைப்பில் குறையில்லை. மலிவான பதிப்புகளில் அதற்குள் தண்டுள்ள குட்டைச் சுருளைப் பொருத்திவிடுகிறார்கள். அமைப்புக்கு உள்ள நல்ல பெயரைச் சுருள் கெடுக்கிறது. அதே அமைப்பில் திறந்த நீளச் சுருளைப் பொருத்தியவையும் விற்கின்றன. தேடி வாங்குங்கள்.

அறிகுறி: தக்கை குறுக்காக முறிகிறது, கீழ்ப்பாதி உள்ளேயே நிற்கிறது

முறிந்த முகம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு விதமாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

முகம் ஏறக்குறைய மட்டமாக இருந்து, சுருளின் முனை நின்ற ஆழத்தில் முறிந்திருந்தால் சுருள் ஆழம் போதவில்லை. முனைக்கு மேலே இருக்கும் தக்கையைக் கம்பி தாங்கித் தூக்குகிறது. முனைக்குக் கீழே இருக்கும் பகுதியைத் தூக்க எதுவும் இல்லை. தக்கையின் சொந்த வலு ஒன்றுதான் அதைக் கண்ணாடியின் பிடியிலிருந்து இழுக்க வேண்டும். நீண்ட காலம் வைத்திருக்கும் ஒயின்களுக்கு 49, 54 மி.மீ. நீளத் தக்கை போடுவார்கள். குட்டைச் சுருள் அதில் பாதியைத் தாண்டியதும் நின்றுவிடும். சுருள் தக்கையின் அடியை ஏறக்குறைய தொட வேண்டும். துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் துகள் ஒயினில் விழும்.

முகம் சாய்வாக, ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால் தக்கை வளைந்து முறிந்திருக்கிறது. உணவகப் பணியாளர்கள் பையில் வைத்திருக்கும் மடக்குத் திருகியில்தான் இதை அதிகம் பார்க்கலாம். ஜெர்மனியின் ரோஸ்டாக்கைச் சேர்ந்த கார்ல் வீன்கே 1882இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. தாங்கு கால் பாட்டில் விளிம்பில் நிற்கும், கைப்பிடி நெம்புகோலாகும். தாங்கு காலின் கீலிலிருந்து சுருள் 2.5 முதல் 3 செ.மீ. தள்ளியும், கைப்பிடியின் நுனி 11, 12 செ.மீ. தள்ளியும் இருப்பதால் 30 கிலோ விசையை ஏழெட்டுக் கிலோவில் முடித்துவிடலாம். அபாரமான யோசனை. ஆனால் நெம்புகோல் எப்போதும் வட்ட வில்லில்தான் நகரும். தக்கை நேர்கோட்டில் நகர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கீலுக்கும் சுருளுக்கும் இடையே 30 மி.மீ. தக்கையை ஒரே மூச்சில் 40 மி.மீ. உயர்த்த வேண்டும். கைப்பிடி கிடைமட்டத்துக்குக் கீழே 42 பாகையில் தொடங்கி மேலே 42 பாகை வரை போக வேண்டியிருக்கும். அந்தப் பயணத்தில் சுருளின் தலை பக்கவாட்டில் கிட்டத்தட்ட 8 மி.மீ. விலகப் பார்க்கும். அதில் ஒரு பங்கைத் தாங்கு கால் சாய்ந்து வாங்கிக்கொள்ளும். மிச்சம் தக்கையை வளைக்கும். அதே 40 மி.மீ. பயணத்தை இரண்டு 20 மி.மீ. படிகளாகப் பிரித்தால் கைப்பிடி ஒவ்வொரு படியிலும் 20 பாகைக்குள் அடங்கிவிடுகிறது; விலகல் 2 மி.மீ.க்கும் கீழே வந்துவிடுகிறது. தாங்கு காலில் இரண்டாவது கீலும் இரண்டாவது பள்ளமும் வைப்பதால் கிடைக்கும் பலன் இது. ஸ்பெயினின் பார்சிலோனாவிலிருந்து வந்த புல்டாப்ஸ் என்ற மடக்குத் திருகி இந்த ஏற்பாட்டை உலகெங்கும் பரவலாக்கியது. ஒற்றைக் கீல் திருகி கையில் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள் என்பேன். விலை வித்தியாசம் பெரிதல்ல. தக்கைக்கு அது பெரிய வித்தியாசம்.

இரட்டைக் கீல் இருந்தும் சாய்வாக முறிந்தால், முதல் படியைத் தாண்டியும் நெம்பிக்கொண்டே போனீர்களா என்று பாருங்கள். கைப்பிடி கிடைமட்டத்துக்கு மேலே கொஞ்சம் எழுந்ததுமே நிறுத்தி, இரண்டாம் பள்ளத்தை விளிம்பில் வைக்க வேண்டும். புதிய மாதிரி வடிவமைப்பவர்கள் அந்தக் கோணத்துக்கு மேல் கைப்பிடி போகாதபடி ஒரு தடுப்பு வைத்துவிடலாம். அப்போது பழக்கமில்லாதவரும் தவறமாட்டார்.

அறிகுறி: சுருள் கோணலாக இறங்குகிறது, பக்கத்தில் முட்டி நிற்கிறது

முனையைத் தக்கையின் நட்டநடுவில் குத்துவதே இதற்குக் காரணம். திறந்த சுருளின் முனை சுருளின் அச்சில் இல்லை. அச்சைச் சுற்றும் வளையத்தில் இருக்கிறது. முனையை நடுவில் வைத்தால் அச்சு தானாகவே சுமார் 3 மி.மீ. ஓரத்துக்குத் தள்ளப்படும். முனையை நடுவிலிருந்து அந்த 3 மி.மீ. தள்ளிவைத்து, முதல் அரைச் சுற்றைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துத் தொடங்குங்கள். கம்பி தக்கையைக் கவ்வியதும் நிமிர்த்துங்கள். மேலிருந்து பார்த்தால் சுருள் முழுதும் நடுவில் நிற்பது தெரியும்.

முனையையே அச்சுக்கு வளைத்துச் செய்திருக்கும் திருகிகளும் உண்டு. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் முனை போட்ட பாதையில் பின்னால் வரும் கம்பி போகாது. ஒவ்வொரு சுற்றும் புதிதாகக் கிழித்துக்கொண்டு போகும். முனை, சுருளின் வளைவையே தொடர வேண்டும்.

கையின் பழக்கத்தை நம்ப வேண்டாம் என்றால் பாட்டில் கழுத்தில் கவிழ்ந்து உட்காரும் கூண்டு வைத்த வடிவமே நல்லது. கூண்டு கழுத்தைப் பிடித்துக்கொள்வதால் சுருளுக்கு நடுவில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: தக்கை அசையவே மறுக்கிறது

இதில்தான் வடிவமைப்பாளருக்கு அதிக இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய தீர்வு ஒன்றை நாம் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டோம்.

நின்றிருக்கும் தக்கையை நகர்த்தத் தேவையான விசை, நகரும் தக்கையைத் தொடர்ந்து நகர்த்தத் தேவையானதைவிட அதிகம். பல காலம் ஒரே இடத்தில் நின்ற தக்கை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டும் இருக்கும். அந்த முதல் பிடியை நேர் இழுப்பால்தான் உடைக்க வேண்டும் என்பதில்லை, சுழற்றியும் உடைக்கலாம். 300 நியூட்டன் உராய்வு 9.25 மி.மீ. ஆரத்தில் எதிர்க்கிறது என்றால், அதைச் சுழற்றி வெல்ல வேண்டிய திருப்புவிசை 2.8 நியூட்டன் மீட்டருக்கும் குறைவு. 8 செ.மீ. அகலக் கைப்பிடியின் இரு நுனியிலும் மூன்றரைக் கிலோ அழுத்தம் கொடுத்தால் போதும். நேராக இழுத்தால் 30 கிலோ.

இன்னொரு லாபமும் உண்டு. உராய்வு எப்போதும் பொருள் நகரும் திசைக்கு எதிராகவே வேலை செய்யும். தக்கை சுழன்றுகொண்டிருக்கும்போது உராய்வின் பெரும்பகுதி அந்தச் சுழற்சியை எதிர்ப்பதிலேயே போய்விடும். மேல்நோக்கி இழுக்கும்போது எஞ்சி நிற்கும் எதிர்ப்பு மிகக் குறைவு. சுழற்றிக்கொண்டே இழுத்தால் தக்கை இலகுவாக வருவதற்குக் காரணம் இதுதான்.

சாமுவேல் ஹென்ஷால் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1795இல் பெற்றதுதான் தக்கை திருகிக்கான முதல் காப்புரிமை. அவர் செய்தது ஒரு சிறு சேர்க்கை. சுருள் முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில் ஒரு வட்டத்தகடு வைத்தார். சுருள் முழுதாக இறங்கியதும் தகடு தக்கையின் தலையில் உட்காரும். அதற்கு மேல் சுருள் இறங்க முடியாது. கைப்பிடியை மேலும் திருகினால் தக்கையே சுழலத் தொடங்கும், பிடி விட்டுப்போகும். சுருள் அளவுக்கு மீறி ஆழம் போவதையும் அதே தகடு தடுக்கிறது. ஒரே தகட்டுக்கு இரண்டு வேலை.

மடக்குத் திருகியில் இந்தத் தகட்டுக்கு இடமில்லை. சுருள் கைப்பிடிக்குள் படுக்க வேண்டும். நிலையான கைப்பிடி வைத்த திருகியிலோ கூண்டு வகையிலோ அதைத் தாராளமாக வைக்கலாம். தகட்டின் விட்டம் 16 அல்லது 17 மி.மீ. இருக்கட்டும், தக்கை கழுத்துக்குள் சற்று இறங்கியிருந்தாலும் தகடு பின்தொடர்ந்து போகும். அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் தக்கையின் மேல் வழுக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் நாலைந்து மேட்டு வரிகள் இருந்தால் பற்றிக்கொள்ளும். பட்டறை வசதி உள்ளவர்கள் செய்து பார்க்க வேண்டிய முதல் திருத்தம் இது.

தகடு இல்லாத திருகி வைத்திருப்பவர்கள், சுருளின் தோள் தக்கையில் முட்டும்வரை இறக்கி, பாட்டிலை உறுதியாகப் பிடித்துக்கொண்டு கால் சுற்று அழுத்தித் திருப்பிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும். குட்டைத் தக்கையில் மட்டும் செய்யாதீர்கள். முனை அடியைத் துளைத்துவிடும்.

அறிகுறி: திருகத் திருகத் தக்கை உள்ளே இறங்குகிறது

முனை மழுங்கியிருக்கிறது அல்லது கம்பி சொரசொரப்பாக இருக்கிறது. இரண்டிலும் நீங்கள் கீழ்நோக்கி அழுத்த வேண்டியதாகிறது. உலர்ந்து சுருங்கிய தக்கை அந்த அழுத்தத்துக்கு இடம்கொடுத்துவிடுகிறது. முனையை நைசான உப்புத்தாளில், வளைவின் உட்புறமாகத் தேய்த்துக் கூராக்குங்கள். கம்பி கீறலாகியிருந்தால் சுருளை மாற்றுவதே சரி.

டெக்சாஸின் ஹூஸ்டனில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகளை வடிவமைத்த பொறியாளர் ஹெர்பர்ட் ஆலன் 1979இல் கொண்டுவந்த ஸ்க்ரூபுல் என்ற திருகி, இந்தக் கோளாறை அடியோடு தீர்த்தது. நீண்ட மெல்லிய சுருளுக்கு டெஃப்லான் என்ற வழுக்கும் பூச்சைப் பூசினார். கழுத்தில் உட்காரும் கூண்டு வைத்தார். கைப்பிடியை ஒரே திசையில் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். சுருள் முழுதாக இறங்கிக் கைப்பிடி கூண்டில் முட்டியதும், கீழே போக வழியில்லாத சுருள் தக்கையைத் தன் மேல் ஏற்றிக்கொண்டு வரும். இழுப்பு என்ற வேலையே இல்லை.  மூன்று அச்சுகளும் கூண்டின் தயவில் ஒரே கோட்டில் நிற்கின்றன. மணிக்கட்டில் வலியுள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் வகை இது.

அறிகுறி: கடைசியில் சட்டென்று பிடுங்கிக்கொண்டு வருகிறது, ஒயின் சிந்துகிறது

தக்கை வெளியே வர வர, கண்ணாடியைத் தொடும் நீளம் குறைகிறது. உராய்வும் அதோடு குறைகிறது. கையின் விசை மட்டும் குறையாமல் இருக்கிறது. கடைசி ஒரு செ.மீ. மிஞ்சும்போது நெம்புவதை நிறுத்திவிட்டு, தக்கையை விரல்களால் பிடித்து மெதுவாகத் திருப்பி எடுங்கள்.

அறிகுறி: தாங்கு கால் வழுக்குகிறது, கண்ணாடி விளிம்பு உடைகிறது

தாங்கு காலின் பள்ளம் பாட்டில் விளிம்பின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும். நேர்கோட்டில் வெட்டிய பள்ளம் இரண்டு புள்ளிகளில் மட்டும் கண்ணாடியைத் தொடும். விசை முழுவதும் அங்கே குவியும். நெம்பும்போது இன்னொரு கையால் தாங்கு காலையும் கழுத்தையும் சேர்த்துப் பிடிப்பது கட்டாயம். விளிம்பு சிதறிவிட்டால் அந்த ஒயினை வடிகட்டிக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கொட்டிவிடுங்கள்.

அறிகுறி: பழைய பாட்டில், சுருளை வைத்ததுமே தக்கை பொடியாகிறது

எவ்வளவு நல்ல சுருளும் இங்கே உதவாது. தக்கையின் உள்வலு போய்விட்டது. உள்ளிருந்து இழுக்கும் எதையும் அது தாங்காது. வெளியிலிருந்து பிடிக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் லூசியன் மம்ஃபோர்ட் 1879இல் காப்புரிமை பெற்ற இரட்டைத் தகட்டுக் கருவி அதற்காகவே இருக்கிறது. ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகள். நீளமானதைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே முதலில் செருகி, பிறகு குட்டையானதை மறுபக்கம் செருகி, இப்படியும் அப்படியும் அசைத்து இறக்க வேண்டும். கைப்பிடி தக்கையைத் தொட்டதும் திருப்பிக்கொண்டே மேலே எடுக்க வேண்டும். இங்கேயும் சுழற்சிதான் வேலையைச் செய்கிறது.

தக்கை ஏற்கெனவே தளர்ந்திருந்தால் தகடுகள் அதை உள்ளே தள்ளிவிடும். அப்போது முதலில் சுருளை மெதுவாக நடுவில் இறக்கித் தக்கையை நிலைநிறுத்திவிட்டு, அதன் இருபுறமும் தகடுகளைச் செருகி, இரண்டையும் சேர்த்துத் திருப்பி எடுக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் பொருத்திய கருவிகள் விற்பனையில் உள்ளன. பழைய ஒயின்களைத் தொடர்ந்து திறப்பவருக்கு விலை அதிகமானாலும் அது தேவை.

அறிகுறி: தக்கை வந்துவிட்டது, சுருளைவிட்டுக் கழல மறுக்கிறது

பிளாஸ்டிக் தக்கைகளில்தான் இது அதிகம். டெஃப்லான் பூச்சு தேய்ந்த சுருளை அவை விடாமல் பிடித்துக்கொள்ளும். தக்கையைப் பிடித்து இழுக்காதீர்கள், சுருள் வளைந்துவிடும். துணியால் தக்கையை இறுகப் பற்றிக்கொண்டு கைப்பிடியை இடப்பக்கமாகத் திருகுங்கள். கழற்றியபின் பூச்சைக் கம்பி நாரால் தேய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். பூச்சு திட்டுத் திட்டாக உரிந்து எஃகு தெரியத் தொடங்கிவிட்டால் சுருளை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். பல கூண்டு வகைகளில் அது கழற்றி மாட்டும்படியே வருகிறது.